வியாபாரிக்குப் பத்திரிகை கட்டுபடியாகுமா?

நம் சங்கத்து அன்பர்களில் சிறு வியாபாரம் நடத்துவோர் அநேகர். கடை, நாற்றங்கால், மாவு மில், தையற்கூடம் என்று தொழில் பலவாயினும், அண்மைக் காலத்தில் அவர்களில் சிலர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். வியாபாரம் செய்பவர், தம் தொழிலைப் பற்றி மாதந்தோறும் எழுதி வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவது பயனுள்ளதா, அல்லது வீண் செலவா என்பதே அக்கேள்வி. நான் வியாபாரியல்லன், ரேணிகுண்டாவில் ரயில்வே குமாஸ்தா. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும், அத்தகைய பத்திரிகை ஒன்றுக்குப் பன்னிரண்டு மாதம் எழுத்து வேலை முழுவதையும் செய்தவன் என்ற முறையிலும், அதன் வரவு செலவுப் புத்தகம் இன்றும் என் பெட்டியிலேயே இருக்கிறது என்ற முறையிலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்திரிகை வெளிவந்த ஊர் வெதுருகுப்பம். வெதுரு என்பது தெலுங்கில் மூங்கில். குப்பம் நாம் அறிந்த சொல்லே. ஊர்ப் பெயரே இரு மொழியும் கலந்து நிற்பது போல ஊராரின் பேச்சும் கலந்தே நிற்கும். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது வட ஆற்காட்டின் பல பகுதிகள் அதில் சேர்ந்தன. ஆகையால் இப்பக்கத்துத் தமிழர்களில் யார் குடியேறியவர், யார் பூர்விகர் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. எங்கள் குடும்பம் மட்டும் ஐயமின்றிக் குடியேறியதுதான். என் மனைவியின் தமையனார் அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்து, வெதுருகுப்பத்தில் மாங்கன்று நாற்றங்கால் வைத்து நடத்துகிறார். ரயில் இல்லாத ஊராகையால், சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறித்தான் அங்கே போய்ச் சேருவேன்.

2024-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் மைத்துனர் என்னிடம், "மாப்பிள்ளை, கன்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அப்புறம் நம்மை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒரு கடிதம் போட்டால் என்ன? நீங்கள்தான் எழுதத் தெரிந்தவர்" என்றார். ஆபீசில் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதிக் கை பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் 'எழுதத் தெரிந்தவர்' என்ற சொல் மனிதனை எவ்வளவு எளிதில் வீழ்த்திவிடுகிறது! "ஆகட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆடியில் முதல் இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம்; இரண்டு பக்கம் தமிழ், இரண்டு பக்கம் தெலுங்கு; நானூறு பிரதிகள்.

முதலில் ரொக்கச் செலவைச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கூலியும் காகிதமும் சேர்த்து மாதம் 2,400 ரூபாய். நூற்றைம்பது பிரதிகள் தபாலில் போயின. அதற்கு 750 ரூபாய். எஞ்சியவை நாற்றங்காலிலும், பால் சேகரிக்கும் இடத்திலும், பஸ் நிற்குமிடத்துத் தேநீர்க் கடையிலும் வைக்கப்பட்டன. அச்சகத்துக்குப் போய்வரப் பஸ் செலவும் சில்லறையும் 250 ரூபாய். ஆக மாதம் 3,400 ரூபாய். வருஷத்துக்கு 40,800 ரூபாய். இதை மைத்துனரும் முன்கூட்டியே ஓரளவு மதிப்பிட்டிருந்தார்.

அவரும் நானும் மதிப்பிடாதது நேரம். எழுதுவது என்றால் ஒரு மாலைப்பொழுது வேலை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இரண்டாம் இதழிலிருந்து, ஆபீஸ் வழக்கப்படி, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்து வைத்தேன். விஷயம் திரட்டி எழுத ஒன்பது மணி நேரம்; தெலுங்கில் பெயர்க்க ஐந்து; மெய்ப்புத் திருத்த இரண்டு; மடித்து விலாசம் எழுத நான்கு. மாதம் இருபது மணி நேரம். வருஷத்துக்கு இருநூற்று நாற்பது. என் நேரத்துக்கும் வீட்டார் நேரத்துக்கும் மணிக்கு நூறு ரூபாய் என்று குறைவாகவே மதிப்பிட்டாலும் 24,000 ரூபாய் ஆகிறது. ரொக்கத்தோடு சேர்த்தால் 64,800. கன்று ஒன்றை 60 ரூபாய்க்கு விற்றால் மைத்துனருக்கு நிற்பது 18 ரூபாய். எனவே, பத்திரிகை தன் செலவைத் தானே ஈட்ட வேண்டுமானால், அதன் பொருட்டாக மட்டும் 3,600 கன்றுகள் கூடுதலாக விற்க வேண்டும். இந்தக் கணக்கை ஆறாம் மாதத்தில்தான் போட்டேன். ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் ஆரம்பித்திருக்கவே மாட்டோம்.

"இக்காலத்தில் காகிதம் எதற்கு? கைபேசியில் அனுப்பினால் காலணா செலவில்லையே" என்று இளைஞர்கள் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். அச்சுக்கூலியும் தபாலும் மிச்சப்படும் என்பது மெய்தான். ஆனால் எழுதும் ஒன்பது மணியும், பெயர்க்கும் ஐந்து மணியும் எவ்வழியில் அனுப்பினாலும் அப்படியே இருக்கின்றன. அனுப்புவதற்குச் செலவில்லை என்றவுடன் எழுதுவதற்கும் செலவில்லை என்று நினைத்துவிடுவதே இவ்விஷயத்தில் பெரிய மயக்கம் என்பது என் அபிப்பிராயம்.

வியாபாரத்தோடு பத்திரிகையைப் பிணைத்தவர்கள் நமக்கு முன்னரும் உண்டு. அவர்களுடைய வரலாற்றைப் பார்த்தால் கணக்கு எங்கே நிற்கிறது என்பது கொஞ்சம் விளங்கும்.

நம் பக்கத்துக்கு நெருங்கியவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. கிருஷ்ணா ஜில்லாவில் 1867-இல் பிறந்து, பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். நம்மைப் போலவே மொழி வேறான ஊரில் வாழ்ந்தவர். அங்கே 1893-இல் அமிர்தாஞ்சனம் என்னும் வலி நிவாரணத் தைலத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளுக்குச் சென்று, வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்று சொல்வார்கள். பதினைந்து ஆண்டுகள் சென்று, 1908-இல், அதே பம்பாயில் 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1914-இல் சென்னைக்கு வந்து அதை நாளிதழாக்கினார். 1924-இல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழையும் சேர்த்துக்கொண்டார். அவர் 1938-இல் காலமானார். நாளிதழோ 1991 வரை நடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஆண்டுகளின் வரிசையை. தைலம் முதலில் வந்தது. பத்திரிகை பதினைந்து ஆண்டு கழித்து வந்தது. தைலப் புட்டி ஈட்டிய பணமே பத்திரிகையைத் தாங்கியது. பத்திரிகையால் தைலத்தின் பெயர் பரவியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்திரிகையை நம்பி அவர் தைலம் காய்ச்சவில்லை. சென்னையில் கேசரி குடீரம் என்னும் மருந்து நிலையத்தை நடத்திய டாக்டர் கே. என். கேசரியும் 1928-இல் 'கிருகலக்ஷ்மி' என்ற தெலுங்குப் பெண்கள் மாத இதழைத் தொடங்கினார். அங்கும் மருந்தே மூத்தது.

தமிழில் எஸ். எஸ். வாசன் அவர்களின் கதை இதற்கு நேர் எதிரானது. திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வந்து, விளம்பர முகவராகவும் தபால் மூலம் பொருள் விற்பவராகவும் பிழைத்துக்கொண்டிருந்தவர் அவர். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' நின்றுபோகும் நிலைக்கு வந்தபோது, வாசன் அதை வாங்கி 1928 முதல் நடத்தினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கும் 200 ரூபாய் கொடுத்தார் என்பது பலரும் கேட்டிருக்கும் செய்தி. (நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான்.) அவரிடம் பத்திரிகை மற்றொரு வியாபாரத்தின் துணையாக நிற்கவில்லை, அதுவே வியாபாரமாயிற்று. குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையைப் பெருக்கினார்; பிறகு ஜெமினி ஸ்டூடியோவும் அவருடையதாயிற்று. ஆனால் அதற்கு முழு நாளும் உழைக்கும் ஒருவர் வேண்டும். சனிக்கிழமை இரவு எழுதும் குமாஸ்தாவால் அது நடவாது.

மேல்நாட்டில் இருவர் செய்தது எங்களுக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றியது. அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜான் டீர் நிறுவனத்தார், 1895-ஆம் ஆண்டு முதல் 'தி ஃபர்ரோ' என்ற சஞ்சிகையை உழவர்களுக்காக வெளியிட்டு வருகிறார்கள். உழுசால் என்று அதற்குப் பொருள். அதில் உழவைப் பற்றி எழுதினார்கள். கலப்பையைப் பற்றி எழுதியது குறைவு. அது இன்றும் வெளிவருகிறது. பிரான்சு தேசத்தில் மோட்டார் டயர் செய்யும் மிஷலின் சகோதரர்கள் 1900-இல் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை ஏறக்குறைய 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். அப்போது அத்தேசம் முழுவதிலும் மூவாயிரம் மோட்டார்கள் கூட இல்லை! வண்டி வைத்திருப்பவர் எங்கே தங்கலாம், எங்கே பழுது பார்க்கலாம் என்றெல்லாம் தெரிந்துகொண்டால் அதிகத் தூரம் போவார். தூரம் போனால் டயர் தேயும். தேய்ந்தால் புதிது வாங்குவார். இதுவே அவர்கள் போட்ட கணக்கு. 1920-இல் அப்புத்தகத்துக்கு விலை வைத்துவிட்டார்கள். இலவசமாகக் கொடுத்த பிரதி ஒன்று ஒரு பட்டறையில் மேஜைக் காலுக்கு அண்டை கொடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. எங்கள் பத்திரிகையில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்ததை நான் தேநீர்க் கடையில் கண்ணால் கண்டவனாகையால், அந்தச் சகோதரர்களின் மனம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்தப் பக்கத்தில் பூக்கும் பருவத்துத் தத்துப்பூச்சியைப் பற்றி இரண்டு இரவு விழித்து எழுதியிருந்தேன்.

இதற்கெல்லாம் எதிர்ச்சாட்சியாக நம் பக்கத்திலேயே ஒன்று நிற்கிறது. புத்தூர்க் கட்டைத் தெரியாதவர் யார்? எலும்பு முறிந்தவர்களுக்கு அவ்வூரை அடுத்த சிற்றூரில் ஒரு குடும்பத்தார் பரம்பரையாகப் பச்சிலையும் மூங்கிற் பட்டையும் வைத்துக் கட்டி வந்தார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் எங்கு பார்த்தாலும் 'புத்தூர்க் கட்டு' என்று பலகை தொங்குகிறது. தொங்கவிட்டவர்களில் பலருக்குப் புத்தூர் எந்தத் திசையில் இருக்கிறதென்று கூடத் தெரிந்திராது. இவ்வளவு பெயரும் பத்திரிகையால் வந்ததன்று. நடக்க முடியாமல் வந்தவர் நடந்து திரும்பி, வழியில் பத்துப் பேரிடம் சொன்னதால் வந்தது. ஆனால் மாங்கன்று அப்படிப்பட்டதல்ல. வாங்கியவர் பலன் காண நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் எங்கே வாங்கினோம் என்பதே மறந்து போகிறது. மைத்துனரின் குறையும் அதுதானே!

எனவே, பயன் என்ன என்று அளந்து பார்க்கத் தீர்மானித்தோம். 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழையில் நடவு நடக்கும் மாதங்களில், ரசீதுப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டு, "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினோம். 212 பேர் வந்தார்கள். உறவினரோ பக்கத்துத் தோட்டத்தாரோ சொன்னதாக 140 பேர்; பாதையில் போகும்போது பார்த்ததாக 41 பேர்; பத்திரிகையைப் பார்த்ததாக 31 பேர். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். உறவினர் சொல்லி வந்தவர்களை, அந்த உறவினருக்கு எப்படித் தெரிந்தது என்று மைத்துனர் மேலும் கேட்கத் தொடங்கினார். வாங்க வந்தவர் குறுக்கு விசாரணைக்கு வந்தவரைப் போல் விழிக்கவே, அதை நிறுத்திவிட்டோம்.

வருஷ முடிவில் கணக்கு இப்படி நின்றது. பத்திரிகைக்கு முந்திய ஆண்டில் விற்றவை 7,400 கன்றுகள். பத்திரிகை வந்த ஆண்டில் 9,100. கூடுதல் 1,700, அதன் லாபம் 30,600 ரூபாய். ஆனால் அவ்வாண்டு மழையும் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. மழையையும் பத்திரிகையின் பேரில் வரவு வைப்பது நியாயமாகாது. ரசீதுப் புத்தகத்தின்படி ஏழில் ஒரு பங்கை, அதாவது 1,300 கன்றுகளைப் பத்திரிகையின் பங்காக எடுத்துக்கொண்டால் லாபம் 23,400 ரூபாயே.

இவ்வளவோடு கணக்கை மூடியிருந்தால் பத்திரிகை நஷ்டம் என்று எழுதிவிட்டு நான் தூங்கப் போயிருப்பேன். நாங்கள் எதிர்பாராத வரவு ஒன்று வேறிடத்தில் இருந்தது. பட்டுப்போன கன்றுக்குப் பதிலாக வேறு கன்று இனாமாகக் கொடுப்பது மைத்துனரின் வழக்கம். முந்திய ஆண்டில் அவ்வாறு கொடுத்தவை 600. பத்திரிகை வந்த ஆண்டில் 250 தான். காரணம் எளிது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட வேண்டும். வேர் பிடித்துத் துளிர்த்த பிறகு ஒட்டில் சுற்றிய பாலித்தீன் நாடாவை அவிழ்த்துவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் காட்டுத் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பூத்தாலும் பூவை ஒடித்துவிட வேண்டும். இவற்றை முதல் மூன்று இதழ்களில் படத்தோடு எழுதியிருந்தோம். மைத்துனர் இதையெல்லாம் வாயால் சொல்லாதவரல்லர். ஆனால் கன்றை வண்டியில் ஏற்றும் அவசரத்தில் கேட்பவர் யார்? காகிதம் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தது. மிச்சப்பட்ட 350 கன்றுகளுக்கு, வளர்த்த அசலாகிய 42 ரூபாய் வீதம் 14,700 ரூபாய் ஆயிற்று.

அதைச் சேர்த்தால், தாராளமான கணக்கில் வரவு 45,300. கண்டிப்பான கணக்கில் 38,100. ரொக்கச் செலவு 40,800. ஒரு கணக்கில் 4,500 மிச்சம்; மற்றொரு கணக்கில் 2,700 துண்டு. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மிச்சக் கணக்கையே மெய்யென்று கொண்டாலும், இருநூற்று நாற்பது மணி நேர உழைப்புக்கு மணிக்குப் பதினெட்டே முக்கால் ரூபாய் வீதம் கிடைத்திருக்கிறது. கன்று ஒன்றின் லாபத்தைக் காட்டிலும் முக்கால் ரூபாய் அதிகம் என்று மைத்துனர் சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை. பன்னிரண்டு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நான் வீட்டில் இருந்தேன் என்று அவள் தனியே ஒரு கணக்கு வைத்திருந்தாள். அதை இங்கே பிரசுரிக்க அவள் சம்மதிக்கவில்லை.

புத்தகத்தில் ஏறாத செலவு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 கோடையில் தோத்தாபுரி மாம்பழ விலை சித்தூர்ச் சீமை முழுவதும் சரிந்ததை அன்பர்கள் அறிவார்கள். மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றும், அரசாங்கம் 4 ரூபாய் சேர்த்து விவசாயிக்குக் கொடுக்குமென்றும் ஆந்திர அரசு அறிவித்தது. ஆயினும் ஆலை வாயில்களில் டிராக்டர்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. எங்கள் வைகாசி இதழில், விலை நிலவரம் என்று ஒரு பெட்டி போட்டால் எல்லோரும் விரும்பிப் படிப்பார்களென்று நானே யோசனை சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை விசாரித்த விலையை எழுதினேன். அந்த வாரம் எனக்கு இரவு வேலை மாறியதால் மெய்ப்பு தாமதமாயிற்று. இதழ் ஒன்பது நாள் பிந்தி வெளிவந்தது. அதற்குள் விலை இருமுறை இறங்கிவிட்டது.

எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், தமிழ்க் குடும்பத்தவர், தெலுங்கு படிக்கத் தெரியாதவர், எங்கள் காகிதத்தை நம்பி இரண்டு டிராக்டர் காயை அறுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று இரவு வரிசையில் நின்றார். காய் பழுத்து அடியில் கசியத் தொடங்கிய பின்னர், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் சண்டை போடவில்லை. நாற்றங்கால் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை மடியிலிருந்து எடுத்து, "தம்பி, இதில் நீங்கள் போட்டிருந்தது இந்த விலைதானே? நான் சரியாகத்தான் படித்தேனா?" என்று மட்டும் கேட்டார். சரியாகத்தான் படித்திருந்தார். தேதி போடாமல் விட்டவன் நான். ஆபீசில் தேதியில்லாத கடிதம் ஒன்றை நான் வாங்கியதே கிடையாது. அறுவடைக் கூலியையாவது ஏற்றுக்கொள்கிறோம் என்று மைத்துனர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் வாங்க மறுத்துவிட்டார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

மறு வாரமே ஒரு பக்கத் துண்டுத்தாள் அச்சிட்டோம். விலை போடவில்லை. அரசாங்கத் தொகையைப் பெற என்னென்ன காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும், விசாரித்த தேதியோடு, இரு மொழியிலும் போட்டோம். வருஷம் முழுவதும் நாங்கள் எழுதியவற்றில் மக்கள் கேட்டு வாங்கிச் சென்றது அந்த ஒரு தாளைத்தான். அதற்கு எனக்கு ஆன நேரம் மூன்று மணி.

ஆனி மாதத்தோடு மாதப் பத்திரிகையை நிறுத்தினோம். நிறுத்துமுன், தபாலில் பெறுவோர் நூற்றைம்பது பேருக்கும், தொடர்ந்து வேண்டுமா என்று கேட்டு எழுதினோம். 64 பேர் வேண்டுமென்று பதில் சொன்னார்கள். எஞ்சியவர்கள் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த 64 பேருக்காகவும், கன்று வாங்குவோருக்காகவும், இப்போது ஆண்டுக்கு நான்கு இதழ் மட்டும் போடுகிறோம். மரத்தின் பருவத்தை அனுசரித்து ஆடியில் நடவுக்கு ஒன்று, மார்கழியில் பூவுக்கு ஒன்று, மாசியில் பிஞ்சுக்கு ஒன்று, வைகாசியில் அறுவடைக்கு ஒன்று. ரொக்கச் செலவு வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கும். நேரம் எண்பது மணி. நடவுக் குறிப்பு கன்றுக் கட்டோடேயே சேர்த்துக் கட்டப்படுகிறது. மாதம் தவறாமல் எதையாவது எழுத வேண்டுமென்ற கட்டாயம் போனவுடன், எழுதத் தக்கது எது என்பது தெரிய ஆரம்பித்தது. மாதப் பத்திரிகையின் ஏழாம், எட்டாம் இதழ்களை இப்போது எடுத்துப் பார்த்தால், பக்கத்தை நிரப்புவதற்காகவே எழுதினேன் என்பது எனக்கே தெரிகிறது.

இதே பணத்துக்கு, புது வருஷத்தில் கடைப் பெயர் போட்ட சிவகாசி நாட்காட்டி கொடுத்தால் வருஷம் முழுதும் சுவரில் நிற்குமே என்று கேட்பவர்கள் உண்டு. மளிகைக் கடைக்கும் நகைக் கடைக்கும் அதுவே மேல் என்பேன். ஒரு வேளை வேலை செய்துவிட்டால் 365 நாளும் கண்ணில் படும். எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லாத தொழிலுக்கு எழுத்து எதற்கு? விற்ற பின்னரும் வாங்கியவருக்குச் சந்தேகம் எழும் தொழிலானால், விதை, கன்று, மோட்டார், தையல் இயந்திரம் போன்றவையானால், காகிதத்துக்கு வேலை இருக்கிறது. அதையும் தொடங்குமுன், ஒரு வெள்ளைத் தாளில் பன்னிரண்டு மாதத்துக்கு என்ன எழுதுவீர்கள் என்று வரிசையாகக் குறித்துப் பாருங்கள். ஐந்தாவது வரியில் பேனா நின்றால், ஐந்து இதழ் போதும்.

தெலுங்கில் பெயர்க்க ஐந்து மணி என்று மேலே எழுதினேனல்லவா? அந்த வேலையைச் செய்தது மைத்துனரின் மகள். ஒன்பதாம் வகுப்பு, தெலுங்கு வழிப் பள்ளி. வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர, எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் தமிழில் வாசிக்க வாசிக்க, அவள் தெலுங்கில் எழுதிக்கொள்வாள். நான்காம் மாதத்தில் நான் 'வேர்' என்று வாசித்தபோது, "மாமா, அங்கே 'வேர்கள்' என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றாள். எதிரில் உட்கார்ந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்தே படிக்கப் பழகியிருக்கிறாள்! அதன் பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

மாதப் பத்திரிகை நின்ற அன்று அவள்தான் மிகவும் வருந்தினாள். மாசி இதழுக்கான வேலை இப்போது நடக்கிறது. பிஞ்சு உதிர்வதைப் பற்றிய தமிழ்ப் பக்கத்தைத் தானே எழுதப் போவதாகச் சொல்லி, இரண்டு வாரமாக நோட்டுப் புத்தகத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள். மெய்ப்புத் திருத்தும் வேலை மட்டும் எனக்கு என்று உத்தரவாகியிருக்கிறது. ஆகையால் வருகிற சனிக்கிழமையும் பஸ் ஏற வேண்டும்.